எடுக்காமல் விட்ட பதினாறு பக்கம்

தம்பி,

கல்யாணத் தேதி குறித்த பிறகு அப்பா எழுதுகிற முதல் கடிதம். வாழ்த்தும் புத்திமதியும் இருக்கும் என்று நினைத்துப் பிரித்திருப்பாய். புத்திமதி கொஞ்சம் வரும். அது இந்த வயதில் இருமல் மாதிரி, அடக்கினாலும் நிற்காது. ஆனால் அதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. போன மாதம் பத்திரிகை யார் யாருக்கு என்று திருப்பூரிலிருந்து நீ போனில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தேன். நம் தெருவுக்கு வந்ததும் வரிசையாக எல்லா வீட்டையும் சொன்னாய், ஒரு வீட்டை மட்டும் தாண்டிப் போனாய். "காளிராஜுக்கு?" என்று கேட்டேன். "வேண்டாம்ப்பா. அவன் வந்து முன்னால நின்னா நான் எப்படி மாலையும் களுத்துமா நிப்பேன்?" என்றாய். போனை வைத்தவன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை. அவன் முன்னால் நிற்க யோசிக்க வேண்டிய ஆள் நான்தான் என்று எனக்குத் தெரியும். ஏழு வருசமாகத் தெரியும்.

உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே எழுதுகிறேன். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பிள்ளையும் இதைப் படிக்கட்டும். எந்த வீட்டுக்கு வாக்கப்படுகிறோம் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? மாமனார் சிவகாசியில் ஒரு அச்சாபீசில் பைண்டிங் வேலை பார்த்தவர், இப்போது கண் மங்கி வீட்டில் இருக்கிறார் என்ற அளவில்தான் அவளுக்குச் சொல்லியிருப்பாய். மீதியை நான் சொல்கிறேன்.

ஆடியில் தொடங்கி மார்கழி வரை எங்களுக்குக் காலண்டர் சீசன். மூச்சு விட நேரம் இருக்காது. தை பிறந்தால் மிஷின் காற்று வாங்கும். அந்த நாட்களில்தான் வெளியூர்ப் புத்தக ஆர்டர்களை எடுப்பார்கள். புத்தகம் பக்கம் பக்கமாக அச்சாவதில்லை. ஒரு பெரிய தாளின் முன்புறம் எட்டு, பின்புறம் எட்டு என்று பதினாறு பக்கம் ஏறும். அதற்குப் பாரம் என்று பெயர். மூன்று தடவை மடித்தால் தலைகீழாகக் கிடந்த பக்கமெல்லாம் வரிசைக்கு வந்து நிற்கும். அப்படிப் பன்னிரண்டு பாரத்தை அடுக்கித் தைத்தால் ஒரு புத்தகம். மை சரியாக விழும்வரை ஓடுகிற தாளெல்லாம் வேஸ்ட். பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போடவும் அலமாரியில் விரிக்கவும் அந்த வேஸ்ட்டை வீட்டுக்கு எடுத்துப் போகலாம், கேட்டில் வாட்ச்மேன் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் எல்லாப் பாரமும் சேர்ந்து ஒரு முழு செட் பையில் இருந்தால் அது திருட்டு. அன்றைக்கே வேலை போய்விடும். அதனால் பைண்டிங்கில் எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஒரு பாரத்தை விட்டுவிட்டு எடுப்பது. பதினாறு பக்கம் குறைந்தால் அதை யாரும் புத்தகம் என்று சொல்ல முடியாது, வெறும் தாள். நம் தெருப் பிள்ளைகள் படித்த கதைப் புத்தகம் எல்லாமே அப்படி வந்ததுதான். ராஜா காட்டுக்குள் நுழைவான், அடுத்த பக்கத்தில் அவனுக்குக் கல்யாணம் நடக்கும். நடுவில் நடந்ததை நீங்களே கட்டிக்கொள்வீர்கள். நீயும் காளிராஜும் கட்டிய கதை சில சமயம் அச்சான கதையைவிட நன்றாக இருக்கும்.

காளிராஜ் வீடு நம் வீட்டிலிருந்து நாலாவது வீடு. அவன் அப்பா விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் லோடுமேன். என்னை அண்ணே என்பார், அதனால் நான் அவனுக்குப் பெரியப்பா, அவர் உனக்குச் சித்தப்பா. நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பன்னிரண்டாவது முடித்ததும் இரண்டு பேருக்கும் போலீஸ் வேலைக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். விடியற்காலையில் ஓட்டம், தாண்டல், வேப்பமரத்தில் கட்டிய கயிற்றில் ஏறுதல். ஓட்டத்தில் நீ அவனைவிட ஒரு எட்டு முன்னால். கயிற்றில் அவனுக்கு ஈடு கிடையாது. காலை உபயோகிக்காமல் இரண்டு கையாலேயே சரசரவென்று மேலே போய்க் கிளையைத் தொட்டுவிட்டு வருவான்.

அந்த வருசம் ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? திரும்புகிற பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கப் போட்ட துண்டை எவனோ எடுத்து எறிந்தான், வாய்ச்சண்டை கைச்சண்டை ஆகி, மூன்று பேர் உன்னைப் பஸ் ஸ்டாண்டுத் தரையில் தள்ளி மிதித்தார்கள். நீ இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு கிடந்தாய். காளிராஜ்தான் உள்ளே விழுந்து உன்னை இழுத்து எடுத்தான். நான் பஸ் படியில் நின்றுகொண்டிருந்தேன். இறங்கவில்லை. கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன் என்று உங்களிடம் சொன்னேன். பொய். கால் எழவில்லை, பயம். கீழே விழுந்தால் அம்புட்டுதான், அதற்குப் பிறகு அடிவாங்குவதுதான் வேலை என்று நம்பி வளர்ந்தவன் நான். என் மகன் தரையில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அதற்கடுத்த தையில்தான் அந்தப் புத்தகம் வடக்கேயிருந்து வந்தது. இங்கிலீஷ் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை அங்கி போட்ட இரண்டு ஆம்பிளைகள் ஒருவனை ஒருவன் கட்டிப் புரண்டு கிடந்தார்கள். நான் முதலில் வேறு மாதிரிப் புத்தகம் என்று நினைத்து, பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த பெண்பிள்ளைகள் பார்த்துவிடப் போகிறார்களே என்று தாளைக் கவிழ்த்து வைத்தேன். ஃபோர்மேன்தான் தலைப்பைப் படித்துச் சிரித்தார். பிரேசில் நாட்டு ஜியு-ஜிட்சுவாம். கீழே விழுந்த பிறகு தொடங்குகிற சண்டையாம். மல்லாந்து கிடக்கிறவன் மேலே இருப்பவனின் கையையோ கழுத்தையோ காலால் பூட்டி மடக்கிவிடுவானாம். எனக்குப் பஸ் ஸ்டாண்டுத் தரையில் நீ கிடந்ததுதான் கண்ணுக்குள் வந்தது. இது என் மகனுக்கு வேண்டும் என்று அந்த நிமிசமே முடிவு செய்துவிட்டேன்.

பதினொரு பாரத்தை ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாக மதியச் சாப்பாட்டுப் பையில் மடித்துக் கொண்டுவந்தேன். எதை விடுவது என்று பார்த்தபோது முதல் பாரம்தான் சரி என்று பட்டது. அடுக்கில் மேலே கிடந்த புறத்தைப் பார்த்தேன், ஒரு படம் இல்லை, முழுக்க எழுத்து. முன்னுரை, நன்றியுரை, யார் யாருக்கோ வணக்கம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இதைப் படித்து என் பிள்ளை என்ன செய்யப் போகிறான் என்று விட்டுவிட்டேன். தாளைப் புரட்டி அடுத்த புறத்தைப் பார்க்கவில்லை. புரட்ட ஒரு கை அசைவு போதும். இருபத்தாறு வருசத்தில் ஒரு நாளைக்கு ஆயிரம் தாள் புரட்டியவன் நான்.

வீட்டில் உட்கார்ந்து நானே மடித்து, மூங்கில் பட்டையால் தேய்த்து, தைத்துக் கொடுத்தேன். அட்டை மட்டும் ஒரு பழைய முருகன் காலண்டர். நீ புரட்டிவிட்டு, "பதினேளாம் பக்கத்துல தொடங்குதேப்பா, முதல் பதினாறு எங்க?" என்று கேட்டாய். "அது முன்னுரைலே. சண்டைக்கு எதுக்கு முன்னுரை?" என்றேன். காளிராஜ் விழுந்து விழுந்து சிரித்தான்.

அதற்குப் பிறகு நம் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலியிடம் உங்களுக்குக் களம். மெத்தைக்கு எங்கே போவது? பைண்டிங்கில் வெட்டிய பேப்பர் கட்டிங்கை நான் கொண்டுவந்தேன், அவன் அப்பா கடையிலிருந்து சாக்கு கொண்டுவந்தார். எல்லாம் வத்தல் மூட்டைச் சாக்கு. நீங்கள் ஒரு புரளல் புரண்டால் பத்துத் தும்மல். கண்ணீரும் மூக்குமாக ஒருவன் கழுத்தை ஒருவன் பிடித்துக்கொண்டு கிடப்பீர்கள். "புருசன் பொண்டாட்டி சண்டையில கூட இப்படி யாரும் உருண்டதில்ல" என்று உன் அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று பார்ப்பாள். டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு நீ படத்துக்குக் கீழே இருந்த ஒரு வரி, இரண்டு வரியை வாசிப்பாய். வலது கை இங்கே, இடது முழங்கால் அங்கே என்று இருக்கும், அவ்வளவுதான். பெயர்களையெல்லாம் நீங்களே வைத்துக்கொண்டீர்கள். காலால் இடுப்பைச் சுற்றி வளைத்தால் மலைப்பாம்பு. நீட்டிய கையைத் தொடைக்கு நடுவில் வைத்து இழுத்தால் கைப்பூட்டு. பிரவுசிங் சென்டரில் போய்ப் பார்க்கலாம் என்று ஒரு நாள் போனீர்கள். அரை மணி நேரத்தில் பாதிப் படம்தான் திறந்தது, ஒரு பெல்ட்டும் இரண்டு காலும் தெரிந்தது என்று சொல்லிவிட்டு வந்தீர்கள்.

வலித்தால் "போதும்லே" என்று வாயால் சொல்வீர்கள், மற்றவன் விட்டுவிடுவான். நாலு மாசம் அப்படியே ஓடியது. ஒன்று மட்டும் உங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை. பல படங்களில் கடைசியில், பூட்டு விழுந்த பிறகு, மாட்டிக்கொண்டவன் உள்ளங்கையை மற்றவனின் தொடையிலோ தரையிலோ விரித்து வைத்திருப்பான். அது எதற்கு என்று படத்துக்குக் கீழே எழுதியில்லை. நீ புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினாய். நான் பெரிய வஸ்தாது மாதிரி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "தள்ளிவிட்டுத் தப்பிக்கப் பாக்கான். அப்பத்தான் இன்னும் இறுக்கிப் பிடிக்கணும்" என்றேன். அன்றிலிருந்து அது உங்களுக்கு விதி ஆகிவிட்டது. காளிராஜுக்கு அது பிடிபடவேயில்லை, தள்ளினால் தப்பிக்க முடியலையே பெரியப்பா என்று இரண்டு தடவை கேட்டான். இன்னும் பழகுலே, வரும் என்றேன்.

இனி எழுதப் போவதை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் நம் இரண்டு பேருக்குள் ஒரு தடவைகூட இதைப் பேசியதில்லை, அதனால் எழுதுகிறேன். நான் பைண்டிங்கில் உன்னைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருந்தேன். என் மகன் படுத்துக்கிட்டே ஆளை மடக்குவான் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னோடு வேலை பார்த்தவர்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். தெருப் பயலுகளும் சேர்ந்துகொண்டார்கள். ஆள் பார்க்கிறார்கள் என்றதும் உங்கள் இரண்டு பேருக்கும் விளையாட்டு போய்விட்டது. காளிராஜ் உன்னை இரண்டு தடவை புரட்டினான். மூன்றாவது தடவை நீ அவன் கையைப் பிடித்துக் கைப்பூட்டில் சாய்ந்தாய். உன் ஒரு கால் அவன் நெஞ்சில், இன்னொரு காலின் கெண்டைச்சதை அவன் வாய்மேல். அவனால் பேச முடியவில்லை. இடது கையால் சாக்கில் அடித்தான். பட் பட் என்று அடித்தான். பிறகு உன் காலில் அடித்தான். நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய், தம்பி. அந்தப் பார்வை எனக்கு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. விடவா என்று கேட்டாய். நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "தப்பிக்கப் பாக்கான், விடாதலே."

நீ இடுப்பைத் தூக்கினாய். சத்தம் பெரிதாக இல்லை. அடித்துக்கொண்டிருந்த கை நின்றது, அதைத்தான் எல்லோரும் முதலில் கவனித்தோம்.

எலும்பு கட்டுகிறவரிடம் போனோம், பெரியாஸ்பத்திரிக்குப் போனோம், மதுரைக்கும் கூட்டிப் போனோம். கைமுட்டு பிசகி உள்ளே சவ்வு கிழிந்திருந்தது. வீக்கம் வடிந்தது, வலி குறைந்தது, கை நீளவில்லை. இன்றைக்கும் அவன் வலது கை சோற்றுத் தட்டு ஏந்துகிற மாதிரி பாதி மடங்கித்தான் இருக்கிறது. கயிறு ஏறுகிற கை அது. அந்த வருசம் போலீஸ் செலக்‌ஷனுக்கு இரண்டு பேருக்கும் கார்டு வந்தது. நீ உன் கார்டை அடுப்பில் போட்டாய். "அவன் இல்லாம நான் மட்டும் போய் ஓடவா?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாய். தைத்துக் கொடுத்த புத்தகத்தையும் நீ எரித்துவிட்டதாக அம்மா பிறகு சொன்னாள்.

இதுவரை உனக்குத் தெரியும். தெரியாதது இனிமேல்தான்.

அடிபட்ட நாலாம் நாள் அந்தப் புத்தகம் இரண்டாம் தடவை அச்சாகி எங்கள் பைண்டிங்கில் கட்டுக் கட்டாக டெஸ்பாட்சுக்கு நின்றுகொண்டிருந்தது. ஒன்றை உருவி முதல் பாரத்தைத் திறந்தேன். நான் புரட்டாமல் விட்ட புறத்தில் இருந்த பக்கத்தில் ஒரு சின்னப் படம். ஒரு கை, விரித்த உள்ளங்கை, தரையில். அதைச் சுற்றி அசைவைக் காட்டுகிற கோடுகள். கீழே கறுப்பு எழுத்தில் நாலு வரி. ஆபீசில் புரூஃப் பார்க்கிற அம்மாவிடம் கொண்டுபோய், பிள்ளை கேட்கிறான் என்று பொய் சொல்லி அர்த்தம் கேட்டேன். அந்தம்மா வாசித்துச் சொன்னார். எதையும் பழகுவதற்கு முன்னால் இதைப் பழகு. கூட்டாளி கையால் தட்டினால் அந்தக் கணமே விட்டுவிடு. உன் மேல் தட்டினாலும் சரி, தரையில் தட்டினாலும் சரி. யோசிக்காதே, ஜெயிக்கிறோமே என்று பார்க்காதே. வாயால் சொல்ல முடியாதவன் கையால் சொல்கிறான். இதுதான் சாரம். அந்தம்மா தலையைத் தூக்கி, "நல்ல விசயம்தான் எளுதியிருக்காரு, மொதல்லயே சொல்லிட்டாரு பாருங்க" என்றார்.

நான் வீட்டுக்கு வந்தேன். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஒரு மாசம் கழித்துக் காளிராஜின் அப்பா எக்ஸ்ரே படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. நாற்காலியில்கூட உட்காராமல், "அண்ணே, தப்பா நெனைக்காதீக. பயலுக ரெண்டு பேரும் புஸ்தகத்தப் பாத்துத்தானே செஞ்சானுக. இப்படி ஆகாம இருக்க அதுல எதுவும் சொல்லியிருக்கா? நமக்குத்தான் படிக்கத் தெரியாது" என்று கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்து, "அதுல ஒண்ணும் இல்லப்பா. நானும் விசாரிச்சேன்" என்றேன். நீ அடுப்படி வாசலில் நின்றிருந்தாய். முன்னால் வந்து, "நாந்தான் சித்தப்பா. அவன் அடிச்சான், நாந்தான் பிடிய விடல" என்றாய். நான் விடாதே என்று கத்தியதைக் கேட்டவர்கள் உற்சாகச் சத்தம் என்று விட்டுவிட்டார்கள், நீயும் அதைச் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. பத்தொன்பது வயசுப் பிள்ளை அப்பனைக் காப்பாற்றினாய். அப்பன் அதை வாங்கிக்கொண்டு சும்மா நின்றேன்.

ஏன் என்று நீ கேட்பாய். புத்தகம் எடுத்தது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓய்வு வாங்கி இரண்டு வருசம் ஆகிறது, அந்தச் சாக்கும் தீர்ந்துபோயிற்று. அதற்குப் பிறகும் வாய் திறக்கவில்லையே. உண்மை இதுதான். நீ என்னை எதிலும் குற்றம் சொல்லாத பிள்ளை. உன் பார்வையில் நான் சின்னவனாகிவிடுவேன் என்று பயந்தேன். பஸ் படியிலிருந்து இறங்காத அதே பயம். என் பெயர் கெடாமல் இருக்க உன்னைக் கெட்டவனாக்கி விட்டுவிட்டேன். உன் கைக்கு வெறி உண்டு என்று நீயே நம்பிவிட்டாய். பெண் பார்க்கப் போனபோது, "எனக்குக் கோவம் வந்தா என்ன செய்வேன்னு எனக்கே தெரியாதும்மா, அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிருவோமா?" என்று அம்மாவிடம் நீ கேட்டதை அவள் சிரிப்பாக என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்கு அப்படி ஒரு கோபமும் கிடையாதுடா. அன்றைக்கு நீ விட வேண்டும் என்றுதான் நினைத்தாய். நினைத்து என்னைக் கேட்டாய்.

காளிராஜ் இப்போது ஒரு பட்டாசு ஆபீசில் பெட்டி போடுகிற செக்‌ஷனில் இருக்கிறான். இடது கையால் அடுக்குவான், மடங்கிய கையால் அண்டக் கொடுப்பான். சித்திரை வைகாசி வெயிலில் எங்காவது வெடி விபத்து என்று டிவியில் வந்தால் பத்து நிமிசத்தில் உன் போன் வரும். "எந்த ஆபீஸ்ப்பா?" என்பாய். நான் பெயரைச் சொன்னதும், "ம், சரி" என்று வைத்துவிடுவாய். அவன் பெயரை ஒரு நாளும் எடுத்ததில்லை. இரண்டு வருசத்துக்கு முன்னால் அவன் ஆபீசிலேயே ஒரு ரூம் வெடித்துப் போயிற்று, மூன்று பேர் போனார்கள். அன்றைக்கு நீ போனை வைக்கவில்லை, நானாக, அவன் நல்லா இருக்கான் என்றேன். உன் அழுகைச் சத்தம் கேட்டது. போலீஸ் உடுப்பில் இருக்க வேண்டியவனை அந்த வெடிமருந்து ஆபீசுக்கு அனுப்பியது யார் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். போனில் எப்படிச் சொல்வது என்று தள்ளிப் போட்டேன்.

புத்திமதி என்று ஒன்று சொல்ல எனக்கு யோக்கியதை இருந்தால் இதை மட்டும் சொல்வேன். நாளைக்கு உன் வீட்டில் சண்டை வரும், வராமல் இருக்காது. அவள் பேசாமல் இருந்தால் உன்னை ஜெயிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்துவிடாதே. என்ன செய்கிறாள் என்று பார். தட்டை நகர்த்தி வைக்கிறாளா, புடவைத் தலைப்பை முறுக்குகிறாளா, கதவை மெதுவாகச் சாத்துகிறாளா. வாய் அடைத்துப் போனவர்கள் ஏதாவது ஒரு வகையில் தட்டத்தான் செய்வார்கள். பக்கத்தில் நின்று எவனாவது விடாதே என்று சொன்னால், அது பெத்த அப்பனாகவே இருந்தாலும், கேட்காதே.

நீ பத்திரிகை வேண்டாம் என்று சொன்ன வாரத்து ஞாயிற்றுக்கிழமை காளிராஜ் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். "வாங்க பெரியப்பா, உக்காருங்க" என்றான். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பாரத்தை விட்டது, பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டது, அவன் அப்பாவிடம் இல்லை என்றது. கடைசி வரைக்கும் அவன் செயினைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு எண்ணெய்க் குப்பியை வைத்துவிட்டு, "தரையில தட்டுனா விட்றணும்னா போட்டிருக்கு?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

"அப்ப நான் சரியாத்தான் செஞ்சிருக்கேன்" என்றான்.

நான் படியில் உட்கார்ந்தேன். "ஊர்ல அம்புட்டுப் பேரும் கேட்டாக பெரியப்பா, வாயத் தொறந்து கத்துறதுக்கென்னன்னு. எங்கய்யாவே கேட்டாரு. சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு. நானும் கத்தியிருக்கலாமோன்னு நெனச்சு நெனச்சு ராவெல்லாம் கெடந்திருக்கேன்" என்றான். அவன் அப்பா போய் மூன்று வருசம் ஆகிறது. அவரிடம் சொல்கிற வாய்ப்பும் எனக்குப் போய்விட்டது. மன்னிச்சிரு என்றேன். அவன் முகம் மாறியது. "தெனமும் உங்க வீட்டு முன்னாலதான் சைக்கிள்ல போறேன். தெனமும் சாப்பிட்டியாப்பான்னு கேட்டீக. ஏளு வருசம். அதுக்குப் பதிலா இத ஒரு நாள் சொல்லியிருந்தா?" என்றான். "எனக்குக் கை போச்சு, அது எல்லாருக்கும் தெரியும். ஒங்க மகனுக்கு என்ன போச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா? அவன் எங்கூடப் பேசி ஏளு வருசமாச்சு. நான் அவன வெறுக்குறேன்னு நெனச்சுக்கிட்டுத் திரியுறான். நான் என்னைக்கு வெறுத்தேன்?" இதைச் சொன்னபோதுதான் அவனுக்குக் கண் கலங்கியது. என்னை மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

இதை எழுதச் சொன்னதும் அவன்தான். ஆபீசில் ஒரு நாள் லீவு போட்டிருக்கிறான். கவரை நான் ஒட்டவில்லை. முதலில் அவன் படித்து, நான் எங்கேயாவது குறைத்து எழுதியிருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதச் சொல்லுவான். இது மூன்றாவது தடவை எழுதியது. தபாலில் போட்டால் நீ படித்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுவாய் என்றான், அதனால் திருப்பூருக்கு அவனே பஸ் ஏறுகிறான். உன் ரூமில் இருக்கிற யார் கையிலாவது கவரைக் கொடுத்துவிட்டு எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறான். படி ஏறி வரமாட்டான். நீ வரவில்லை என்றால் கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுவான், அதற்குப் பிறகு யாரும் அவனைத் திருப்பூர்ப் பக்கம் அனுப்ப முடியாது. கல்யாணத்துக்கு நான் வரலாமா கூடாதா என்பதை அப்புறம் யோசித்துச் சொல். இப்போது செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போ.

அப்பா